அந்த 9,000 வெள்ளியை எப்போது ஏற்றுவார்கள்?

மலேசியாவில் தனிநபர் வரிக்கழிவை, அதாவது வருமானத்தில் வரி போடாமல் விடும் தொகையை, 2010-இல் 9,000 வெள்ளி (ரிங்கிட்) ஆக்கினார்கள், அதோடு சரி. அப்புறம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாடகையும், காலையில் பசியாறும் செலவும், பள்ளி வேன் கட்டணமும் எங்கே போய் நிற்கிறது என்று கோலாலம்பூரில் குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 2,000 கழிவு. 6 விழுக்காட்டு வரிப் படியில் இருக்கும் அப்பாவுக்கு அதனால் மிச்சம் வருடத்துக்கே 120 வெள்ளிதான், டயப்பர் வாங்கினாலே தீர்ந்துவிடும். வரிக்குரிய வருமானம் 50,000-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 11 விழுக்காடு. ஆனால் பங்கு வைத்திருப்பவருக்கு நிறுவனம் தரும் லாப ஈவுக்கு? ஒரு லட்சத்துக்கு மேல் போனால்தான் 2 விழுக்காடு, அதுவும் 2025-இலிருந்துதான்.

இது நியாயமே இல்லை. அடுத்த பட்ஜெட்டில் முதலில் அந்த 9,000-ஐ ஏற்றுங்கள், உங்கள் தொகுதி எம்பியிடம் நீங்களும் கேளுங்கள் மக்களே.