விமானச் சத்தமும் பாவ்லோவும்

கிளிநொச்சிப் பக்கம் தாழப் பறக்கும் விமானச் சத்தம் கேட்டால் எங்கள் வயதுக்காரர் சிலருக்கு இன்றைக்கும் கண் பங்கர் (பதுங்குகுழி) தேடும். 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளோ முற்றத்துக்கு ஓடிவந்து கை காட்டுகிறார்கள்!

சத்தம் கேட்டதும் சாப்பாடு கிடைத்துப் பழகிய நாய்க்குச் சத்தத்துக்கே எச்சில் ஊறும்; பிறகு சாப்பாடு இல்லாமல் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்டால் அது நின்றுவிடும், ஆனால் இடைவெளி விட்டால் மீண்டும் தலைகாட்டும் என்று ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் கண்டார். சரிதான். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரோ சுயவிருப்பமே மாயை, விளைவுகள்தான் நடத்தையை வடிவமைக்கின்றன என்றார். அது எனக்கு ஒப்பவில்லை. விமானச் சத்தத்துக்கு வரும் படபடப்பை நான் தெரிவு செய்யவில்லை. ஆனால் ஷெல்லடிக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் குதித்தவர்களுக்கு என்ன வெகுமதி கிடைத்தது? உளவியலாளர் பண்டுரா சொன்னதுபோல் பிறரைப் பார்த்துப் பழகியதென்றால், முதலில் செய்தவர் யாரைப் பார்த்தார்?