ஒரே சர்வர், மூன்று மெமரி கணக்கு

லினக்ஸ் சர்வரின் டாஷ்போர்டில் ரேம் 94% என்று சிவப்பு எரியும். சர்வருக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டூலும் தனக்கென்று ஒரு ஃபார்முலா வைத்திருக்கிறது. எண்கள் ஒத்துப்போக நாங்கள் செய்தவை இவை.

மூலம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: ப்ராக் டைரக்டரியில் உள்ள மெம்இன்ஃபோ. லினக்ஸின் மையமான கெர்னல் தன் மெமரிக் கணக்கைக் காட்டும் ஃபைல் அது. டாஷ்போர்டு எண்ணைக் குறிக்கும் அதே நேரத்தில் அதையும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு எந்த ஃபார்முலா பொருந்துகிறது என்று போட்டுப் பார்க்கலாம்.

16 ஜிபி சர்வர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஷேர்டு பஃபர்ஸ் (அதன் ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரி) 4 ஜிபி, முழுதும் நிரம்பிவிட்டது. மெம்இன்ஃபோவில் மெம்ஃப்ரீ (எதற்கும் பயன்படாத ரேம்) 1 ஜிபி, கேஷைக் காட்டும் பஃபர்ஸ், கேச்டு வரிகள் சேர்த்து 11 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீயை மட்டும் கழிக்கும் டூல் 15 ஜிபி, அதாவது 94% காட்டும். கேஷையும் கழிக்கும் டூல் 25% காட்டும். முதலாவது வீண் பீதி, இரண்டாவதுதான் ஆபத்து. ஷேர்டு மெமரியும் ரேமிலேயே வைக்கப்படும் டிஎம்பிஎஃப்எஸ் ஃபைல்களும் கேச்டுக்குள்ளேயே எண்ணப்படுகின்றன. ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) இல்லாவிட்டால் கெர்னலால் அவற்றை விடுவிக்க முடியாது. அந்த 4 ஜிபி ஷேர்டு பஃபர்ஸைக் காலி இடம் என்று நம்பினால், அலர்ட் வருவதற்கு முன்பே, மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் வந்துவிடும்.

இதற்காகத்தான் 2014-இல் கெர்னல் 3.14-இல் மெம்அவைலபிள் வந்தது. ஃப்ரீயோடு, விடுவிக்கக்கூடிய ஃபைல் கேஷையும் ஸ்லாபையும் (கெர்னல் தன் தேவைக்கு வைத்திருக்கும் மெமரி) சேர்த்து, கொஞ்சம் ஒதுக்கி வைத்துக் கணக்கிடும். மேலே உள்ள சர்வரில் அது 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக வரும். பயன்பாடு 50 சதவீதத்துக்கு மேல். அலர்ட்டை இதன்மேல் மட்டும் வையுங்கள்: டோட்டலில் அவைலபிளைக் கழித்து, டோட்டலால் வகுக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் ஏஆர்சி கேஷ் இந்தக் கணக்கில் சேராது. அதைத் தனியாக அவைலபிளோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

எந்த ப்ராசஸ் தின்கிறது என்று பார்க்க ஆர்எஸ்எஸ்ஸை (ஒவ்வொரு ப்ராசஸும் ரேமில் பிடித்திருக்கும் அளவு) கூட்டாதீர்கள். போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பேக்எண்டும் (ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு ப்ராசஸ்) தான் தொட்ட ஷேர்டு பஃபர் பக்கங்களையும், அதாவது மெமரித் துண்டுகளையும், தன் கணக்கில் காட்டும். கூட்டினால் ரேமையே தாண்டும். ப்ராக்கில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ஸ்மாப்ஸ் ரோல்அப் ஃபைலின் பிஎஸ்எஸ் எண், பகிர்ந்த பக்கத்தைப் பகிர்பவர்களுக்குள் வகுத்துத் தரும். அதைக் கூட்டலாம்.

கன்டெய்னரில் கதை வேறு. சிகுரூப்பின் (கன்டெய்னருக்கு மெமரி லிமிட் வைக்கும் கெர்னல் வசதி) மெமரி கரன்ட் எண்ணில் ஃபைல் கேஷும் அடக்கம். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் அதிலிருந்து, சமீபத்தில் தொடாத கேஷான இன்ஆக்டிவ் ஃபைலை மட்டும் கழிக்கும். ஆக்டிவ் ஃபைல் தங்கிவிடும். அதனால் ஃபைல்களை ஓயாமல் படிக்கும் பாட் (குபர்னெட்டீஸின் கன்டெய்னர் தொகுப்பு), லிமிட்டை ஒட்டியே நிற்பதுபோலத் தெரியும். லிமிட்டை உயர்த்துமுன் சிகுரூப்பின் மெமரி ஸ்டாட் ஃபைலில் அனான் வரியை (ஃபைல் சாராத, ப்ராசஸின் சொந்த மெமரி) பாருங்கள். அது ஏறாமல் இருந்தால் நிரம்பியிருப்பது பெரும்பாலும் கேஷ்தான்.