கோயம்பேட்டுக் கணக்கு

கொரோனா ஊரடங்கால் நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்று பேச்செடுத்தால் கோயம்பேடு டீக்கடையில் இன்றைக்கும் சண்டைதான். காய்கறி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். மூடியதால் ஆன செலவு வேறு, மூடிய விதத்தால் ஆன செலவு வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. ஞாயிறு முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று மார்க்கெட்டில் தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. விலைகூடக் கேட்காமல் மூட்டையைத் தூக்கினார்கள். அந்த மாதத்திலேயே எங்களுக்கு நல்ல வியாபாரம் அன்றுதான், பொய் சொல்வானேன். தொற்று அந்த ஒரு நாளில்தான் பரவியது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கூட்டத்தைக் குறைக்கப் போட்ட உத்தரவு கூட்டத்தைச் சேர்த்தது. அப்புறம் லோடுமேன்கள் ஊருக்குப் போக, கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று கோயம்பேட்டுத் தொற்று போய்ச் சேர்ந்தது. மே 5 அன்று மார்க்கெட்டையே மூடினார்கள். காய்கறி திருமழிசைக்கு, பழமும் பூவும் மாதவரத்துக்கு. திருமழிசையில் மழை பெய்தால் சேறு. வண்டி வாடகை தனி.

வரவுப் பக்கமும் இருக்கிறது. மார்ச்சில் மருத்துவர்களுக்கான பாதுகாப்பு உடை நம் நாட்டில் அநேகமாகத் தயாராகவே இல்லை. ஊரடங்கு தந்த அவகாசத்தில் கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் துணியைச் சோதித்து, திருப்பூர் யூனிட்டுகள்கூடத் தைக்க ஆரம்பித்தன. இதற்கு யாரும் ரூபாயில் விலை போடுவதில்லை.

ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி (ஜிடிபி) 23.9 சதவீதம் சரிந்தது என்றது முதல் மதிப்பீடு. அது முழுவதையும் ஊரடங்கின் தலையில் கட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. செப்டம்பர் கடைசியில் கோயம்பேடு திறந்த பிறகும் எங்கள் பழைய வாடிக்கைக்காரர்கள் பலர் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, பயம். அந்த நஷ்டத்தை எந்த அரசாணையின் பேரில் பற்று எழுதுவது?

சரி, வேறு எப்படிச் செய்திருக்கலாம்? சில்லறை வியாபாரத்தை முன்கூட்டியே வெளியே அனுப்பி, லோடுமேன்களுக்குக் கூலி கொடுத்து இங்கேயே தங்க வைத்திருக்கலாம். குடும்ப அட்டைக்கு அரசு 1000 ரூபாய் கொடுத்தது. இவர்களில் பலருக்கு அட்டை சொந்த ஊரில். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். எங்கள் மண்டி லோடுமேன்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாரக் கூலி, திருமழிசையில் முதல் வாரம் நாங்கள் கீழே கொட்டிய தக்காளியின் கொள்முதலை விடக் குறைவு. பேரேட்டில் இருக்கிறது.