கொடியில் காய்ந்த டயப்பர்

வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்க்கிற செவிலியர் வேலை என்னுடையது. பையில் பிரஷர் பார்க்கும் கருவி, பஞ்சு, களிம்பு, மாத்திரை எல்லாம் இருக்கும். டயப்பர் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோன ஒரு அம்மா. மகள்தான் பார்த்துக்கொள்கிறார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஓரிடத்தில் உரிந்திருந்தது. "ஈரத்துல விடக் கூடாதுக்கா, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் புண் பெரிதாகியிருந்தது. கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோதுதான் பார்த்தேன். கொடியில் புடவைக்கும் துண்டுக்கும் நடுவே, கிளிப் போட்டு, முந்தின நாள் டயப்பர் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஜெல் கட்டிகட்டியாகத் திரண்டு ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

"பத்து பேம்பர்ஸ் நானூறு ரூபா சிஸ்டர். ஒண்ணை ரெண்டு நாளைக்கு ஓட்டுறேன்" என்றார்.

அந்த அம்மாவுக்கு அப்போது வந்த முதியோர் பென்ஷன் மாதம் 1,200 ரூபாய். அதை அப்படியே மெடிக்கல் ஷாப்பில் கொடுத்தாலும் 30 டயப்பர்தான். நான் சொன்ன கணக்குக்கு ஒரு நாளைக்கு ஆறு, மாதம் 180 வேண்டும். அம்மா படுத்ததிலிருந்து மகள் களையெடுக்கவும் போக முடியவில்லை. 2018ல் சானிட்டரி நாப்கினுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள். டயப்பருக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பரில்தான் 5 ஆனது. குறைந்தது நல்லதுதான், ஆனால் இந்த வீட்டுக்கு அது எட்டவில்லை.

அதைவிட மனசு கேட்காமல் போனது தண்ணீர் விஷயத்தில். அந்த அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். "குடிச்சா போகும், போனா இவளுக்குத்தானே செலவு" என்றார். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அப்படித்தான் வந்தன. தொற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். அந்தத் தொற்று வராமல் காக்கிற டயப்பரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டயப்பரும் மருந்துதான், மருந்தோடு சேர்த்தே தர வேண்டும் என்று அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பகலில் பழைய வேட்டித் துணி, அடியில் ரப்பர் ஷீட், ராத்திரிக்கு மட்டும் டயப்பர் என்று இப்போதைக்கு ஒரு வழி செய்திருக்கிறோம். துணி இருக்கிறதே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி அலசிக் காயப்போட வேண்டும், அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதோ ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழைக்காலத்தில் எதுவும் காயாது.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், பிரஷர் பார்ப்பதற்கு முன்னால், "டயப்பர் எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற டம்ளரைப் பார்ப்பேன். அந்த அம்மாவின் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. டம்ளரில் பாதிக்கு மேல் இன்னும் அவரைக் குடிக்க வைக்க முடியவில்லை.