பைண்டிங்குகளைப் பிரித்து வைத்த தீர்மானம்

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதை யுனிகோடாக மாற்றும் எங்கள் சி லைப்ரரியின் பைதன், ஜாவா, கோ பைண்டிங்குகளை, அதாவது அந்த மொழிகளிலிருந்து அதை அழைப்பதற்கான இணைப்பு நிரல்களை, தனித்தனி நிரல் களஞ்சியங்களுக்குக் கொண்டுபோவது என்று தீர்மானித்த அன்று, பைதன் பக்கத்தைப் பார்த்துவந்த தம்பி கேட்டது இன்னும் என்னை விடவில்லை.

"அண்ணை, ஜீஆர்பிசி எண்ட திறந்தமூலத் திட்டத்தில பைதன், ரூபி, பிஎச்பி எல்லாம் கோர் எண்ட சி மையப் பகுதியோட ஒரே களஞ்சியத்திலதானே கிடக்கு? ஜாவாவும் கோவும் அந்தக் கோரில தங்கியிருக்கேல்லை, அதாலதான் தனிய. எங்கட மூண்டும் சியிலதானே தங்கியிருக்கு?"

"அவையளுக்கு ஆக்கள் இருக்கினம் தம்பி, எங்களுக்கு இல்லை" என்றேன். பிறகு, 2021இல் தன் ரஸ்ற் மொழிப் பகுதியைப் பிரித்து அனுப்பிய அப்பாச்சி ஆரோ என்ற திறந்தமூலத் திட்டத்தையும் எடுத்துச் சொன்னேன்.

பிரிப்பதற்குக் காரணங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஜாவாவில் ஒரு வரியைத் திருத்தினாலும் சி வெளியீடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோ தன் பதிப்பு எண்ணைக் வெளியீட்டுக்குக் களஞ்சியத்தில் இடும் குறிச்சொல்லிலிருந்தே எடுப்பதால், உட்கோப்புறையில் இருக்கும்வரை அதற்கெனக் கோப்புறைப் பெயரை முன்னொட்டாகக் கொண்ட குறிச்சொற்களைத் தனியே இடவேண்டியிருந்தது. ஆனால், ஆரோவிலும் சி++ஐச் சுற்றி எழுதப்பட்ட பைதன் பகுதி தாய்க் களஞ்சியத்திலேயே நிற்கிறது. பிரிந்துபோன ரஸ்ற் அதில் தங்காமல் தனியே எழுதப்பட்டது. நான் துணைக்கு அழைத்த உதாரணமே அந்தத் தம்பியின் பக்கம்தான் சாய்கிறது.

பிரித்த பின்னர், மாற்றும் பங்சனுக்கு வெளியீட்டு இடத்தின் நீளத்தை மூன்றாவது அளபுருவாகச் சேர்த்தோம். பங்சன்களின் வடிவத்தை அறிவிக்கும் சி கோப்பான ஹெடர் புதிதாக மாறியதும், ஜாவாவிலிருந்து சியை அழைக்கும் ஜேஎன்ஐ கோப்பும் கோவின் அழைப்பும் கொம்பைல் ஆகாமல் நின்றன. எனவே உடனே திருத்தினோம். பைதனிலிருந்து சியை அழைக்கும் சீடைப்ஸோ ஹெடரைத் திறந்தே பார்ப்பதில்லை, பைதன் கோப்பில் நாங்கள் எழுதிவைத்ததையே நம்பும். பழைய இரண்டு மதிப்புகளோடு அழைப்புப் போய்விட, மதிப்புகளைக் கொண்டுசெல்லும் சிபியு ரெஜிஸ்டரில் அப்போது கிடந்த ஏதோவோர் எண்ணை சி நீளமாக எடுத்துக்கொண்டது. அதனால் வரி சில வேளை முழுதாக வந்தது, சில வேளை பாதியில் அறுந்தது.

ஒரே களஞ்சியமாக இருந்திருந்தால் அந்த மாற்றத்தின் கொமிற்றோடு பைதன் சோதனைகளும் ஓடி, இணைப்பதற்கு முன்பே அது பிடிபட்டிருக்கும். பைதன் சோதனைகளை சியின் முதன்மைக் கிளையோடு இரவுதோறும் ஓட்டினாலும் பிடிபடும் என்பதும் உண்மை. இப்போது அப்படித்தான் ஓட்டுகிறோம். ஆனால் அந்த ஓட்டம் தோற்றுச் சிவப்பாகும் காலையில் அதை ஒருவர் பார்க்கவேண்டும், ஆட்கள் குறைவு என்பதுதான் பிரிப்பதற்கு நான் சொன்ன காரணம்.

கொம்பைலர் காவல் இல்லாத பைதனை மட்டும் திரும்ப உள்ளே எடுக்கலாம் என்று நான் நினைக்கிறேன். தம்பியோ எடுத்தால் மூன்றையும் எடுக்கவேண்டும் என்கிறார். அடுத்த வெளியீட்டுக்கு முன் இதை மறுபடியும் பேசவிருக்கிறோம்.