வேரைக் காட்டு பிள்ளை

ஜூலை மாதத்து மத்தியானம். முதல் நாள் பெய்த மழையில் பாத்தி இன்னும் ஈரமாகவே கிடந்தது. ஆனால் நான் நட்ட பன்னிரண்டு கோவாக் கன்றுகளும், தமிழகத்தில் முட்டைக்கோஸ் என்பார்களே அதுதான், தண்ணீர் காணாத பயிர்போல இலைகளைத் தொங்கப் போட்டிருந்தன. பொழுது சாய நிமிர்ந்துவிட்டன. அடுத்த நாள் மத்தியானம் மறுபடி வாடின. நான் வாளி வாளியாக ஊற்றினேன். வாடின பயிருக்கு யாழ்ப்பாணத்தில் வேறென்ன செய்வோம்?

லண்டன் ஹரோவில் இந்த வீட்டுக்கு வந்து அது இரண்டாவது கோடை. வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், திரும்பி வந்தால் சமையல் என்று போய்க்கொண்டிருந்த நாட்களில், பின்வளவில் இருந்த அந்தத் துண்டு நிலம்தான் எனக்குத் தெரிந்த ஒரே இடமாக இருந்தது. அப்பா கோண்டாவிலில் தோட்டம் செய்தவர். மாரி மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கினால் செம்பாட்டு மண்ணில் கோவா வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசைகளுக்குள் ஓடித் திரிந்தவள் நான். கோவா எனக்குப் பழகின பயிர் என்றுதான் இறங்கினேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அயர்லாந்துப் பெரியவர் இருக்கிறார். அதுவரை காலை வணக்கத்துக்கு மேல் நாங்கள் பேசியதில்லை. வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னார். பிடுங்கினேன். வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கைப் போல வீங்கித் திரண்ட ஒரு கட்டி. "கிளப்ரூட்" என்றார், வேரை வீங்க வைக்கும் நோய். செத்த வீட்டில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அன்றிரவு தேடித் தேடிப் படித்தேன். இது புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். ரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க் பக்கத்துக் கோவாத் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தபோது, வோரோனின் என்ற அறிஞர் அதைக் கண்டுபிடித்து 1878இல் எழுதியிருக்கிறார். மண்ணில் உறங்கும் அதன் வித்துகள் 20 வருஷம் வரைகூடக் காத்திருக்குமாம். கோவா வேர் கிட்ட வந்ததும் விழித்து, மண்ணின் ஈரத்தில் நீந்திப் போய் வேருக்குள் நுழையும். அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் அது நீந்துவதற்கு வழி விட்டிருக்கிறது.

வேறொரு பிழையும் விட்டிருந்தேன். முந்தின வருஷமும் அதே பாத்தியில் கோவா வைத்து, சரியாக வரவில்லை என்று விட்டிருந்தேன். ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைக்கக் கூடாது என்பது தெரியும். அதனால் இடையில் முள்ளங்கி போட்டேன். மிச்ச இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டாமென்று சமையலறை டப்பாவில் இருந்த கடுகை அள்ளித் தூவி, முளைத்ததை மண்ணோடு கொத்திப் புரட்டினேன். பசளைக்குப் பசளை என்று மனதுக்குள் சந்தோஷம் வேறு. கோவா, பூக்கோவா, நோக்கோல், தலை கட்டாமல் இலையாகவே வளரும் கேல், புரொக்கோலி எல்லாம் ஒரே இனச் செடியிலிருந்து வந்தவை. முள்ளங்கியும் கடுகும் அதே கடுகுக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த நோய்க்கு எல்லாமே ஒரே வீட்டுச் சாப்பாடு. நான் பயிர் மாற்றவே இல்லை, பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன்.

இந்த நோய்க்குப் புளிப்பு மண் பிடிக்கும். சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தேன். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு ஏழுக்குக் குறையக் குறைய மண் புளிப்பு. என் களிமண்ணில் அது ஆறுக்கும் கீழே. அதை ஏழுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் நோயின் கை ஓரளவு கட்டப்படும். அதற்குச் சுண்ணாம்பு போட வேண்டும். வட்ஸ்அப்பில் அப்பாவுக்குச் சொன்னேன்.

"கோவாவுக்குச் சுண்ணாம்போ? நான் ஒருநாளும் போட்டதில்லையே பிள்ளை."

"உங்களுக்குப் போடத் தேவையில்லை அப்பா. எங்கட கிணறு வெட்டேக்க என்ன கல் வந்தது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சுண்ணாம்புக்கல்லுத்தான்" என்றார்.

யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. அப்பா கேட்காமலே அந்த மண் கோவாவுக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த நாட்டிலும் காட்டுக் கோவா வளரும் இடங்களில் டோவரின் வெள்ளைச் சுண்ணப்பாறைகளும் ஒன்று. அந்தக் காட்டுக் கோவாவின் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். "இது காட்டுக் கீரை மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம், அம்மா சொன்னா.

அடுத்த வருஷம் முழுக்க வேறு பக்கத்தில் பாத்தி போட்டோம். எருவை நவம்பரில், சுண்ணாம்பைப் பெப்ரவரியில். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எருவில் இருக்கும் தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். நோயைத் தாங்கும் கிலாட்டன் என்ற ரகத்து விதை வாங்கி, பெரிய சாடிகளில் சுத்தமான மண் நிரப்பி நாற்று வளர்த்தேன். வேர் நன்றாகத் திரண்ட பிறகு வைத்தால், நோய் தொட்டாலும் செடி தாக்குப் பிடிக்கும். பழைய பாத்தியில் மிதித்த சப்பாத்தைக் கழுவாமல் புதுப் பாத்திக்குள் கால் வைப்பதில்லை. பிள்ளைகளுக்கும் அதே சட்டம்.

நடும் நாளில் பெரியவர் இன்னொரு பாடம் சொன்னார். கோவாவுக்கு மண் இறுக்கமாக இருக்க வேண்டும், குதிக்காலால் மிதித்து நட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பொலபொலவென்று கொத்தின மண்ணை மிதித்தால் அப்பாவிடம் ஏச்சு வாங்கி வளர்ந்தவள் நான். ஆனால் இந்த ஊர்க் காற்றில் செடி ஆடினால் வேர் அறும், தலை கட்டாது. நட்ட பிறகு இலை நுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இலைதான் கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது. அப்படித்தான் நட்டேன்.

அப்புறம் வண்ணத்துப்பூச்சி. வெள்ளை வெளேரென்று இரண்டு மூன்று பறந்தபோது பிள்ளைகள் துள்ளினார்கள். நான்தான் இலைகளைப் புரட்டினேன். அடியில் மஞ்சள் முட்டைகள், அடுக்கி வைத்ததுபோல நெருக்கமாக. வலை போட்டிருந்தேன், ஆனால் செடிகளின் மேல் அப்படியே விரித்திருந்தேன். இலை வலையில் முட்டிய இடத்தில் வெளியே உட்கார்ந்தே முட்டை வைத்துவிட்டது. தப்பின முட்டைகள் பொரித்து, ஒரு கிழமைக்குள் இரண்டு செடிகளில் நரம்பு மட்டும்தான் மிச்சம். பிறகு தண்ணீர்க் குழாயை வில்லாக வளைத்து நட்டு, இலைக்கு எட்டாத உயரத்தில் வலையைக் கட்டினேன்.

மருந்து அடிக்கவில்லை. அப்பா மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து கிழமைக்குக் கிழமை அடித்ததைப் பார்த்தவள். இரவில் அவர் இருமியதும் நினைவிருக்கிறது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, அது எங்கள் சாப்பாடு. எனக்கு வழி இருக்கிறது. காலையில் தேநீரோடு போய் விரலால் நசுக்குகிறேன். ஒருநாள் செத்த புழு ஒன்றைச் சுற்றித் தினையளவில் மஞ்சள் கூடுகள் ஒட்டியிருந்தன. முட்டை என்று நினைத்து அவற்றையும் நசுக்கிவிட்டேன். அவை அந்தப் புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைக் கொன்ற சின்னக் குளவிகளின் கூடுகளாம். எங்கள் பக்கம் நின்றவற்றை அழித்தது இப்போதும் வருத்தம்தான். இப்போது கண்டால் இலையோடு அப்படியே விட்டுவிடுகிறேன்.

குளிர்காலத்தில் காட்டுப்புறா வருகிறது. அதற்கும் அதே வலைதான்.

இரண்டு உறைபனி பட்ட பிறகு கேல் இலையைப் பறித்துப் பாருங்கள். குளிரைத் தாங்க மாப்பொருளைச் சீனியாக்கி வைத்திருக்கும், அவ்வளவு இனிப்பு. நடு நரம்பை எடுத்துவிட்டு மிகச் சன்னமாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ போட்டு வறை செய்கிறேன். முருங்கையிலை வறை இல்லை, ஆனால் என் மகள் இரண்டாம் முறை கேட்கிறாள். ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்கும் போகும். அவர் மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறார்.

போன ஒக்டோபரில் முதல் கோவாவை வெட்டினேன். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. வீடியோவில் அப்பாவுக்குத் தூக்கிக் காட்டினேன்.

"அதை விடு. வேரைக் காட்டு பிள்ளை."

மண்வெட்டியால் அடியைக் கிளப்பி, மண்ணை உதறி, குழாயில் கழுவிக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தேன். மயிரிழை மயிரிழையாக வெள்ளை வேர். ஒரு பக்கத்தில் மட்டும் சுண்டங்காயளவில் ஒரு முடிச்சு. அப்பா அதைக் கண்டுவிட்டார்.

"அந்தப் பக்கத்துக்கு இன்னொருக்கால் சுண்ணாம்பு போடு. அடுத்த முறை வேற இடத்தில வை" என்றார். பிறகு, "எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டார்.

தராசு எடுக்க உள்ளே ஓடினேன்.