அரை மணி நேரத்தில் ராஜரத்தினம் பிள்ளை

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

புதுச்சேரியில் நான் உதவிக்குப் போகும் சமூக வானொலியில் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. பிடித்த கலைஞர் யாரையாவது அறிமுகம் செய்யுங்கள் என்றார்கள். யோசிக்கவே இல்லை, நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அவர் பிறந்தது 1898 ஆகஸ்ட் 27. இந்த வருஷம் அதே தேதியில் விநாயகர் சதுர்த்தி. பள்ளிக்கூடம் லீவு. மணக்குள விநாயகர் கோயில் பக்கம் காலையிலிருந்தே நாதஸ்வரம் கேட்கும். இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது.

நிலையப் பொறுப்பாளர் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "முதல் ரெண்டு நிமிஷம் பிள்ளைங்க நிப்பாங்களா?"

ஆகஸ்ட் 6, புதன்

இந்த மாதிரி நிகழ்ச்சி என்றால் பிறந்த ஊர், குரு, பட்டங்கள் என்று வரிசையாகப் போவதுதான் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரிய மேதை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்பார்கள், ஆசைப்பட்டுக் கேட்கமாட்டார்கள். முதலில் வாசிப்பு. பெயர் அப்புறம்.

அவர்களுக்குத் தெரிந்த நாதஸ்வரம் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. பந்தியில் இடம் பிடிக்கும் சத்தத்துக்கு நடுவே, யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒலிக்கிற வாத்தியம். கெட்டிமேளம் முடிந்தால் அதுவும் முடிந்தது. அதை உட்கார்ந்து கேட்கலாம் என்றே அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. என் அரை மணி நேரத்துக்கு அந்த ஒரு வேலை போதும்.

அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்தவர் அந்தச் சின்ன இடத்துக்குள்ளும் தோடியைக் கொண்டுவந்திருக்கிறார். இன்றைய சினிமாப் பாட்டின் நீளம்தான். இது எனக்குப் பெரிய வசதி. உரிமைச் சிக்கலும் இல்லை. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருஷம். அவர் 1956-இல் காலமானார். அவர் காலத்தில் வெளிவந்த தட்டுகளை இன்று யாரும் ஒலிபரப்பலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடலூர் போய் வந்தேன். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டும்வரை பஸ்ஸில் நின்றபடிதான். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வயதான நாதஸ்வர வித்வான் ஒருவர் இருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவியைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

வாத்தியத்தோடு கட்டித் தொங்கவிட்ட சீவாளிகளில் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகள்) ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கினார். அதை மட்டும் ஊதினால் வாத்தின் குரல் போல ஒரு கீச்சு. கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாயில் செருகி, உலவு என்கிற நீண்ட மரக்குழலில் பொருத்தி ஊதியதும் கூடம் நிறைந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பதிவு செய்தேன். நிகழ்ச்சியின் முதல் ஒலி அந்தக் கீச்சுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் அவருடைய தாத்தாவின் திமிரியை எடுத்தார். குட்டையான வாத்தியம், உச்ச சுருதி. ராகத்தின் ஒரு சின்னத் துண்டை, ஒரே பிடியை, அதிலும் வாசித்தார், பாரி என்கிற நீளமான நாதஸ்வரத்திலும் வாசித்தார். சுருதி இறங்கியதும் அதே பிடிக்கு ஒரு நிதானம் வந்துவிட்டது. ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தில் பாரி செய்து கொடுத்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இனி அது எதற்கு? இரண்டு வாத்தியத்தையும் கேட்க வைத்துவிட்டு இரண்டு வரி சொன்னால் புரிந்துவிடும்.

தோடியின் காந்தாரத்தை, அதாவது 'க' என்ற சுரத்தை, அசைவில்லாமல் நேராக ஒரு தரம் ஊதினார். பிறகு கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்து. விரல் அவ்வளவாக அசையவில்லை. உதடு சீவாளியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. சுரம் கீழே ரிஷபத்தைத் தொட்டு மேலே மத்தியமத்தை எட்டி ஆடியது.

"தம்பி, முதல்ல ஊதினது ஆர்மோனியக் கட்டையில இருக்கிற காந்தாரம். இதுதான் தோடியில இருக்கிற காந்தாரம்."

மொத்த நிகழ்ச்சிக்கும் இந்த ஒரு பேச்சு போதும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

1947-இல் சுதந்திரம் வந்தபோது தில்லியில் ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம் ஒலித்தது. அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; 1954 நவம்பர் 1 வரை அப்படித்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தேதிகளைச் சேர்த்தே சொல்லவேண்டும். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முத்தியால்பேட்டையில் தெரிந்தவர் நடத்தும் டியூஷனில் பிள்ளைகளுக்குத் தோடித் தட்டைப் போட்டுக் காட்டினேன். யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை.

கீபோர்டு கற்கிற பையன் ஒருவன் கட்டைகளை அழுத்தி அழுத்திப் பார்த்தான். "அண்ணா, இது ரெண்டு கட்டைக்கு நடுவுல போகுதுண்ணா" என்றான். கடலூரில் கேட்டதை அவனே கண்டுபிடித்துவிட்டான்! ஒரு பெண், "ஏன் இன்னும் பாட்டு ஆரம்பிக்கல?" என்று கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆலாபனையில் சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது, தாளக்கட்டு கிடையாது, ராகம் மட்டும்தான் என்று சொன்னேன். உடனே இன்னொருவன், "அப்போ டெஸ்ட் மேட்ச் மாதிரி" என்றான். மூன்று குரல்களும் நிகழ்ச்சியில் அப்படியே வருகின்றன. பெற்றோரிடம் சம்மதம் வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எடிட்டிங். பழைய தட்டின் இரைச்சலை மென்பொருளால் சுத்தமாக எடுத்துவிடலாம் என்றார் அக்கா. எடுத்துப் பார்த்தோம். இரைச்சலோடு சீவாளியின் கூர்மையும் போய்விட்டது. அதனால் லேசாக மட்டும் குறைத்திருக்கிறோம். பிள்ளைகள் இரைச்சலைத் தாண்டிக் கேட்பார்கள், டியூஷனில் கேட்டார்களே.

அவருடைய கோபம், பிடிவாதம் பற்றி உலவும் கதைகளை விட்டுவிட்டேன். அவை வந்தால் பிள்ளைகள் கதையைத்தான் ஞாபகம் வைப்பார்கள். நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் மேடையில் உட்கார்ந்து வாசித்தார், கிராப்பு வைத்தார், கோட்டு போட்டார். அது மட்டும் இருக்கிறது. சுயமரியாதை என்றால் என்ன என்று பதினாலு வயதில் நன்றாகவே புரியும். 1940-இல் காளமேகம் படத்தில் அவரே காளமேகப் புலவராக நடித்ததற்கு ஒரு வரி. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலுக்கு இன்னும் இடம் ஒதுக்க ஆசைதான், நேரம் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒலிக்கோப்பைக் கொடுத்துவிட்டேன். நாளை காலை பத்து மணிக்கு. கடைசி நான்கு நிமிஷம் என் குரலே கிடையாது, தோடி மட்டும்தான்.

எங்கள் டிரான்ஸ்மிட்டர் 50 வாட்தான், கடலூர்வரை எட்டாது. வித்வானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சாயங்காலம் போன் செய்தார். "காந்தாரத்தை நல்ல இடத்துல வெச்சிருக்கீங்க தம்பி. அடுத்து காருகுறிச்சியப் போடுங்க" என்றார். காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கொஞ்சும் சலங்கையில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போடுவது அவருடைய நாதஸ்வரம்தான். அந்தப் பாட்டு வீட்டில் தாத்தா பாட்டிக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும், பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கேட்பார்கள். செப்டம்பரில் இன்னொரு அரை மணி நேரம் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன்.